விழாத பிரேக்கர்

அத்தியாயம் ஆறு

கருகிப்போன அந்த மாடி அறையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் முழுசாகத் தப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணிக்குத் துப்பு எதுவும் தட்டுப்படவில்லை. உட்கார்ந்தால் தேவலை என்றுதான் தோன்றியது.

"உக்காருங்க அண்ணி. துணியில கரி ஒட்டினா என்ன, நம்ம பொழப்பே கரியாத்தானே கிடக்கு?"

சொன்னவன் ஸ்பீக்கர். அவள் கணவனின் தம்பி. பிறந்ததிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை என்பதால் வீட்டில் வைத்த பெயர். போகிற இடமெல்லாம் அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் ஊருக்கே அவள் அண்ணி ஆகிவிட்டாள். துப்பறிவாளரை யாராவது இப்படிக் கூப்பிடுவார்களா என்று ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் கோபப்படத் தெம்பில்லை. ஜலதோஷம் வேறு. கண் எரிந்தது. பத்து பேரிடம் பத்துக் கேள்வி கேட்டு, பத்துப் பொய்யைக் கேட்டுக்கொள்கிற இந்த வேலையை விட்டுவிட்டு எங்காவது தூங்கப் போகலாம் போலிருந்தது.

ஆனால் ஒரு ஆள் லாக்-அப்பில் இருந்தான்.

நடந்தது இதுதான். இந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். மாடியில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மூச்சிரைப்பும் இருமலுமாகப் படுத்த படுக்கை. கீழே அவருடைய அக்கா. போன வாரம் விடிகிற நேரத்தில் மாடி அறை தீப்பிடித்தது. அக்கா போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, சூட்டில் இறுகிப்போன மாடிக் கதவை உடைப்பதற்குள் மாஸ்டர் புகையிலேயே போய்விட்டார்.

அவர் அறைச் சுவரில் சூடும் குளிரும் தருகிற மெஷின் ஒன்று இருந்தது. அதற்குப் போகும் கம்பி உருகி, ஜன்னல் திரையில் பற்றியிருக்கிறது. கீழ்க்கூடத்திலிருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்த போலீஸ் நிபுணர் நின்ற வாக்கிலேயே முடிவு சொல்லிவிட்டார். மாடிக்குப் போகிற மெல்லிய கம்பி முப்பத்திரண்டு ஆம்ப் பிரேக்கரில் மாட்டியிருந்தது. கீழ்க்கூடத்துப் பெரிய ஹீட்டரின் தடித்த கம்பி பதினாறில். இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. வீட்டுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன்தான் மாற்றி மாட்டிவிட்டான் என்று அன்றைக்கே அவனைப் பிடித்துப் போட்டார்கள்.

அவன் மனைவி அண்ணியின் வாசலுக்கு வந்து, "என் வீட்டுக்காரர் எதை வேணா மறப்பாரு, கம்பியை மாத்தி மாட்ட மாட்டாருக்கா. நீங்க வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் சலவைக் கடை வேலைக்குத் திரும்ப ஓடினாள். அந்த ஓட்டத்துக்காகவே அண்ணி ஒப்புக்கொண்டாள்.

காலையில் லாக்-அப்பில் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தபோது அவன் விளக்கிச் சொன்னான். "மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்குதோ, அதைத் தாங்குற கம்பி போடணும் மேடம். கம்பி தாங்குறதுக்கு மேல போனா தானா விழுந்து கரண்டை நிறுத்துற பிரேக்கர் போடணும். மெல்லிசு கம்பியைப் பெரிய பிரேக்கர்ல மாட்டினா கம்பி கொதிக்கும், பிரேக்கர் பாட்டுக்குச் சும்மா நிக்கும்."

"ஜோடிப் பொருத்தம் பாக்கிற மாதிரின்னு சொல்லு," என்றான் ஸ்பீக்கர்.

"மூணு பேருக்குப் பாக்கணும் சார். அதான் கஷ்டம்."

"பெட்டியை யாராவது தொட்டிருப்பாங்களா?" என்று அண்ணி கேட்டபோது மட்டும் அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியாதுங்க."

அந்தத் 'தெரியாதுங்க', செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

மாடி அறையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அண்ணி பால்கனிக்குப் போனாள். மெஷினின் வெளி யூனிட் அங்கே தீயில் சிக்காமல் அப்படியே நின்றது. பின்னாலேயே மாஸ்டரின் மகன் வந்தான். பல் டாக்டர். ஊரின் மறுகோடியில் குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவைப் பார்க்க வருவான். அப்பா இல்லாத வீடு இனி அவனுக்குத்தான் என்பதை ஸ்பீக்கர் காலையிலிருந்து இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிச் சொல்லியாகிவிட்டது.

"இந்த மெஷின் எப்ப வாங்கினது டாக்டர்?"

"அது... ரொம்ப நாளாச்சு."

ஸ்பீக்கர் குனிந்து யூனிட்டின் காலடியைப் பார்த்தான். "அப்படியா? கால்ல இன்னும் பேக்கிங் தெர்மாக்கோல் ஒட்டிக்கிட்டிருக்கே. ரொம்ப நாளா நடக்கிறவருக்குச் செருப்பு மட்டும் புதுசா?"

டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

"ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குறீங்க. உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க மயக்க ஊசி போடணும்போல."

"சும்மாயிரு," என்றாள் அண்ணி. யூனிட்டின் பக்கவாட்டிலிருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் படித்தாள். சூடு தரும்போது இழுக்கும் கரண்ட் இருபத்திரண்டு ஆம்ப். மாடிக்கு வந்த கம்பி தாங்குவது பதினாறு. "டாக்டர், என்கிட்ட இப்ப சொன்னா ஒரு தடவை சொல்லலாம். ஸ்டேஷன்ல சொன்னா திரும்பத் திரும்பச் சொல்லணும்."

அவன் பால்கனிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "பழசு சின்ன மெஷின். அப்பாவுக்குக் குளிர் தாங்கலை. இந்தக் குளிர்காலம் ஆரம்பிச்சப்ப, கொஞ்சம் பெருசா இருக்கட்டும்னு இதை வாங்கிக் குடுத்தேன். கடை ஆளுங்களே மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"கம்பி?"

"அதே கம்பிதான்."

"எலெக்ட்ரீஷியன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

"எதுக்குங்க? பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டுறதுதானே?" குரல் தேய்ந்தது. "போலீஸ் வயரிங் யாருன்னு கேட்டாங்க, சொன்னேன். மெஷின் பத்தி யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

"புது மெஷின் எப்படி ஓடுச்சு?"

"மொதல்ல அடிக்கடி நின்னு போகுதுன்னு அத்தை சொன்னாங்க. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

அண்ணி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். இத்தனை வருஷ அனுபவத்தில் தானாகக் கெட்டுப்போனவை நிறையப் பார்த்திருக்கிறாள். தானாகச் சரியானது ஒன்றுகூட இல்லை.

மாடிப்படியில் இறங்கும்போது ஸ்பீக்கர் காதருகே கிசுகிசுத்தான். "மகன்தான் அண்ணி. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

"கொஞ்சம் யோசி. வயரிங் செஞ்ச அன்னைக்கே கம்பி மாறியிருந்தா, புது மெஷின் முப்பத்திரண்டுல ஓடியிருக்கும். முப்பத்திரண்டுல இருந்தா அது நிக்கவே நின்னிருக்காது."

ஸ்பீக்கர் ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "ஆனா நின்னு நின்னு போயிருக்கு!"

"அப்ப அது பதினாறுலதான் இருந்திருக்கு. எலெக்ட்ரீஷியன் சரியாத்தான் மாட்டியிருக்கான். மெஷின் வந்தப்புறம்தான் யாரோ மாத்தியிருக்காங்க."

"ஆள் தப்பிச்சான்! அப்புறம் எதுக்கு அண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"இனிமே யாரு மாட்டப் போறாங்கன்னு தெரியலையே."

கீழ்க்கூடத்துக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. தெருவே இதைவிடத் தேவலை. கூடத்தின் ஒரு மூலையில் கட்டில், இன்னொரு மூலையில் தையல் மெஷின் ஒன்று பாகம் பாகமாகக் கழற்றிக் கிடந்தது. அதன் முன்னால் மாஸ்டரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, இரட்டைக் காலுறை. கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். தெருவில் எந்த வீட்டுத் தையல் மெஷின் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும் என்று பின்னாலேயே இறங்கி வந்த டாக்டர் சொன்னான்.

"அத்தை, இவங்க துப்பறியறவங்க. உங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணுமாம்."

"கேக்கட்டும்ப்பா. இதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்கலை. உக்காருங்கம்மான்னாங்க, உக்காந்திருக்கேன்."

"ரொம்பக் குளிரா இருக்கேம்மா இங்க?" என்றாள் அண்ணி.

"எனக்குக் குளிரே தெரியாதும்மா."

"கம்பளிக்குள்ளேருந்து குரல் மட்டும் வருது, ஆளைக் காணோம்," என்றான் ஸ்பீக்கர். அத்தை லேசாகச் சிரித்தாள். சிரித்து நாளாகியிருக்க வேண்டும். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணியின் கண் சுவரோரம் போனது. பீரோ மாதிரி ஒரு பெரிய ஹீட்டர். அதன் தலையில் தைக்க வந்த துணிகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. துணிக்கு மேலே பிளாஸ்டிக் பட்டன் டப்பா. அதற்கும் மேலே நூல்கண்டுகள்.

பதினாறில் மாட்டிய ஹீட்டர். சூடாகிற ஹீட்டரின் தலையில் யாரும் துணி அடுக்குவதில்லை. இந்த வீட்டில் ஒருத்தி குளிர்காலம் முழுக்க ஹீட்டர் இல்லாமல் இருந்திருக்கிறாள். யாரிடமும் புகார் சொல்லாமல். ஏன் என்று கேட்டால் பதில் வந்துவிடும் என்று அண்ணிக்குத் தெரிந்தது. முதல் தடவையாக, கேட்காமல் போய்விடலாமா என்று இருந்தது.

"இந்த ஹீட்டர் போடுறதில்லையாம்மா?"

"போட்டா உடனே விழுந்துடுது. அதான் போடுறதில்லை. பெருசைத்தான் நான் தம்பிக்குக் குடுத்துட்டேனே."

அண்ணி ஹீட்டரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"எதைம்மா குடுத்தீங்க?"

"அதான், அந்தப் பெட்டியில இருக்கிறது." கட்டிலுக்குப் பக்கத்தில் துணி மறைப்புக்குப் பின்னாலிருந்த பிரேக்கர் பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் காட்டினாள். "புது மெஷின் வந்ததுலேருந்து அவனுக்குச் சின்னது பத்தலை. சூடு ஏறி வர நேரத்துல பட்டுன்னு நின்னுடும். அவன் மேலேருந்து 'அக்கா, குளிருது'ன்னு கூப்பிடுவான். நான் எந்திரிச்சுப் பெட்டியில விழுந்த குமிழைத் தூக்கி விடுவேன். படுத்துக் கண்ணசந்தா மறுபடி கூப்பிடுவான். அவனும் எவ்வளவு நாள் நடுங்குவான் சொல்லுங்க? சின்னது விழும், பெருசு விழாது. எனக்கென்ன, ரெண்டு ஸ்வெட்டர் போட்டா ஆச்சு. மெயினை அணைச்சுட்டு, ரெண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, அவன் கம்பியைப் பெருசுலயும் என் கம்பியைச் சின்னதுலயும் மாட்டினேன். அன்னைக்கு ராத்திரி அவன் கூப்பிடவே இல்லை. அப்படித் தூங்கினான்."

டாக்டர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்குப் புரியவில்லை.

"நல்ல பையன்னு நெனச்சேன் அந்த எலெக்ட்ரீஷியனை," என்றாள் அவள் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே. "எங்க எதை இழுத்து எப்படி மாட்டித் தொலைச்சானோ. என் தம்பி போயிட்டான்."

அண்ணி அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் ஸ்பீக்கர் வெகுநேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி. கொலைகாரனைப் பிடிச்சா நாம ரெண்டு பேரும் கை குலுக்கிக்கலாம். இதுக்கு என்ன பண்றது?"

"தெரியலை."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னாத்தான் நம்ம ஆள் வெளிய வருவான். சொன்னா அந்தம்மா உள்ள போவாங்க. உள்ள போகலைன்னாலும், காதுல விழுந்த அன்னைக்கே செத்துடுவாங்க."

அண்ணி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். "மகன் என்ன சொன்னான்? மெஷின் 'நின்னு போகுது'ன்னான். நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

"கரண்ட் கட்டாயிடுச்சும்பேன்."

"நானும் அப்படித்தான் சொல்லுவேன். அந்தம்மா 'விழும், விழாது'ங்கிறாங்க. அது வீட்டுப் பேச்சில்லை. காலையில யாரு வாயில அதைக் கேட்டோம்?"

ஸ்பீக்கர் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அதுவே ஒரு அதிசயம்.

லாக்-அப்பில் எலெக்ட்ரீஷியன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள். "சின்னது விழும், பெருசு விழாது."

அவன் தலை நிமிரவில்லை. தோள்தான் குலுங்கியது.

"அந்தம்மா உனக்குப் போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் வேற ஒரு வீட்ல ஏணி மேல நிக்கிறேன். வாயில ஸ்க்ரூ, தோள்ல போனு. 'தம்பி, மாடி பிரேக்கர் அடிக்கடி அணைஞ்சு போகுது, என்ன பண்ணலாம்'னாங்க. மெஷின் மாத்தினதை அவங்க சொல்லலை, நானும் கேக்கலை. 'சின்னது அப்படித்தாம்மா விழும், பெருசா இருந்தா விழாது. நாளைக்கு வந்து பாக்கிறேன்'னு சொல்லி வெச்சுட்டேன். நாளைக்குன்னது நாலு வேலையில அப்படியே மறந்து போச்சு."

"அவங்கதான் மாத்தினாங்கன்னு உனக்குத் தெரியும்."

"போலீஸ் பெட்டியைத் திறந்து காட்டினப்பவே தெரிஞ்சிடுச்சு. அந்தம்மா கை ஸ்க்ரூ டிரைவர் புடிச்ச கை."

"அப்ப ஏன் தெரியாதுன்னே?"

"தம்பியைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவங்க மேல கையைக் காட்டச் சொல்றீங்களா? அப்படியே காட்டினாலும், சொன்ன வாய் என்னுதுதானே மேடம்? ஒரு எட்டு போய்ப் பாத்திருந்தா, தகட்டைப் படிச்சிருந்தா, தடிச்ச கம்பி இழுத்துக் குடுத்திருப்பேன். அரை நாள் வேலை."

அண்ணி நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். இரும்பு சில்லென்று இருந்தது. இவனை வெளியே கொண்டுவரக் கிளம்பினாள். இப்போது இவனும் சுத்தமில்லை, அத்தையும் கெட்டவளில்லை. இதை இன்ஸ்பெக்டரிடம் எந்த முனையிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கஷ்டம் அவளுக்கு வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. டாக்டர் இறங்கி, மறுபக்கக் கதவைத் திறந்தான். அத்தை இறங்கினாள். தலையில் தொப்பி இல்லை. முகம் அழுது அழுது வீங்கியிருந்தது.

"நீங்க போனதும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க," என்றான் டாக்டர் அண்ணியிடம். "'ஏன்டா உன் மூஞ்சி இப்படி இருக்கு, நான் என்ன சொன்னேன்'னு கேட்டாங்க. என்னால மறைக்க முடியலை."

அத்தை நேராக இன்ஸ்பெக்டரின் மேசை முன்னால் போய் நின்றாள். "கம்பியை மாத்தினது நான்தான் சார். அந்தப் பையனை விடுங்க."

உள்ளேயிருந்து எலெக்ட்ரீஷியன் குரல் கொடுத்தான். "நான் சொல்லித்தான் மாத்தினாங்க சார்! என் பேச்சைக் கேட்டுத்தான்!"

"மெஷின் வாங்கினது நான்," என்றான் டாக்டர். "பெருசா வாங்கினதும் நான்தான். உங்ககிட்ட மறைச்சதும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். "என்ன அண்ணி இது? ஒரு ஆள் கிடைச்சாப் போதும்னு உக்காந்திருந்தேன்."

"எனக்கும் ஒரு ஆள்தான் வேணும்னு இருந்துச்சு சார்."

அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். மூன்று பேரிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொள்வதாகவும், மீதியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்றும், எலெக்ட்ரீஷியனை இப்போதே ஜாமீனில் விடுவதாகவும் சொன்னார். கான்ஸ்டபிள் பூட்டைத் திறந்தார்.

வெளியே வந்த எலெக்ட்ரீஷியன் அத்தையின் முன்னால் நின்றான். அவனைத் திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? அந்தச் சின்னது விழுந்து விழுந்து எங்களை எச்சரிச்சுதா?"

பொய் சொல்லலாம். ஸ்பீக்கர் பின்னாலிருந்து தலையை ஆட்டி, இல்லை என்று சொல்லிவிடு என்பதுபோல் கெஞ்சினான். எலெக்ட்ரீஷியன் அத்தையின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாம்மா."

"நான் அதைத் திட்டிக்கிட்டே தூக்கி விட்டேனே," என்றாள் அவள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவனும் உட்கார்ந்தான். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணி வாசலுக்கு வந்தபோது எலெக்ட்ரீஷியனின் மனைவி சலவைக் கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். "விட்டுட்டாங்களாமே! யாருக்கா அது? எவன் மாத்தி மாட்டினான்? மூஞ்சியைக் காட்டுங்க, நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் போவேன்."

அண்ணி சொன்னாள். நடந்ததை நடந்தபடி, ஏணி மேலிருந்து பேசிய பேச்சையும் விடாமல் சொன்னாள். அலங்காரம் சேர்க்கவும் தெம்பில்லை, மறைக்கவும் தெம்பில்லை. அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. பிறகு கணவன் மீது கோபம் வந்தது. பிறகு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் அவள் கணவனின் கையைப் பற்றியபடி, இரண்டு ஸ்வெட்டருக்குள் குறுகி உட்கார்ந்திருந்தது ஒரு வயதான உருவம். மேசையருகே டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

நாலு கேள்வி கேட்க வந்தவள் மெல்ல உள்ளே போனாள். பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்து, முந்தானை மாதிரி ஏப்ரனின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வீட்ல தனியாவா இருக்கீங்க பெரியம்மா?"

"இனிமேத்தாம்மா," என்றாள் அத்தை.